மதம் ஏன் இன்னும் இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா கருப்புச் சட்டைக்காரர். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு மதத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க வழியில்லை. பின்னாளில் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தபோது பிள்ளைகள் கேட்டது, சொந்தக்காரர்கள் கேட்டது, அப்பாவின் தோழர்கள் டீக்கடையில் கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மனிதர்கள் ஏன் விடாமல் கும்பிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகும் மதம் ஏன் மறையவில்லை?

மறைந்துவிடும் என்று பெரிய பெரிய அறிஞர்களே நம்பினார்கள். பீட்டர் பெர்கர் என்ற சமூகவியலாளர், 21-ஆம் நூற்றாண்டில் மத நம்பிக்கையாளர்கள் சின்னச் சின்னக் குழுக்களாகத்தான் மிஞ்சியிருப்பார்கள் என்று 1968-இல் சொன்னார். 1990-களின் கடைசியில், தான் நினைத்தது தவறு என்று அவரே எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

தவறு எங்கே நேர்ந்தது என்றால், மதத்தை உலகத்தைப் பற்றிய விளக்கமாக மட்டும் பார்த்ததில்தான். மழை எப்படிப் பெய்கிறது என்று தெரிந்துகொள்ள யாரும் வடபழனி கோயில் வரிசையில் நிற்பதில்லை. அங்கே நிற்பவர்களிடம் பேசிப் பாருங்கள். மகளுக்கு வரன் அமைய வேண்டும், கணவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும், தம்பி குடியை விட வேண்டும் என்பார்கள். இவற்றுக்கான பதில் இயற்பியல் புத்தகத்தில் இல்லை. அதனால் இயற்பியல் வளர்ந்தாலும் அந்த வரிசை குறைவதில்லை.

சரி, அறிவியலே தீர்த்து வைத்த விஷயத்தில்கூட மதம் தொடர்கிறதே. அம்மை ஒழிந்துவிட்டது, அம்மன் ஏன் போகவில்லை?

என்னிடம் வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரியம்மைக்கும் சென்னைக்கும் நீண்ட தொடர்பு உண்டு. கிண்டியில் இருக்கும் கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் 1899-இல் தொடங்கியபோது அதன் முதல் வேலை அம்மைத் தடுப்பூசிக்கான மருந்தைத் தயாரிப்பதுதான். கன்றுக்குட்டிகளின் தோலிலிருந்து அந்த மருந்தை எடுத்தார்கள். ஒரு பக்கம் கிண்டியில் அந்த வேலை நடந்தது, இன்னொரு பக்கம் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். இந்தியாவில் கடைசியாக அந்த நோய் பரவியது 1975-இல். உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. மருந்து முழுசாக ஜெயித்தது. அந்தக் கணக்குப்படி மாரியம்மன் கோயில்கள் பூட்டிக் கிடந்திருக்க வேண்டும். இன்றைக்கு ஆடி மாதத்தில் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் தெருவில் நடக்க இடம் கிடைக்காது. பறக்கும் ரயில் நிலையத்துக்கே அம்மன் பெயர்தான்.

ஏன் என்று புரிய, எனக்குச் சின்னம்மை போட்ட நாட்களைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு ஒன்பது வயது. 'அம்மா வந்திருக்கா' என்று ஆயா சொன்னார். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். அதைப் பார்த்ததும் பால்காரர்கூட உள்ளே வராமல் திண்ணையிலேயே பாலை வைத்துவிட்டுப் போனார். தாளிப்பு கிடையாது. என்னை வேப்பிலை பரப்பிய பாயில் படுக்க வைத்து, அரிப்பெடுத்தால் சொறியாமல் இருக்க ஒரு கொத்தைக் கையில் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்க ஆயா பக்கத்திலேயே உட்கார்ந்து தாலாட்டுப் பாடினார். நான் என்னைத்தான் தாலாட்டுகிறார் என்று நினைத்தேன். என் மேல் இறங்கியிருக்கும் அம்மனைத்தான் தாலாட்டினார் என்று பிறகுதான் தெரிந்தது.

இதில் தனிமைப்படுத்தல் இருக்கிறது, பராமரிப்பு இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நோய் கண்ட பிள்ளை அங்கே அருவருப்புக்குரியவன் ஆகவில்லை. தெய்வம் தங்கியிருக்கும் உடம்பு ஆனான். வீட்டில் எல்லோருக்கும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. ஊசியால் வைரஸைத் தடுக்க முடியும். காய்ச்சலில் முனகும் பிள்ளையின் பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருப்பவருக்கு என்ன செய்வது என்று ஊசி சொல்லித்தராது. அம்மன் செய்த வேலையில் பாதியைத்தான் மருந்து எடுத்துக்கொண்டது. மீதிப் பாதிக்கு அவள் இன்னும் தேவைப்படுகிறாள். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதே கோவையில் 2021-இல் ஒரு மடத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். நோய் மாறினாலும் அந்தத் தேவை மாறவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வேப்பிலை தடுப்பூசிக்கு மாற்று கிடையாது. ஆயா வேப்பிலை வைத்தார். அப்பா டாக்டரைக் கூட்டி வந்தார். இரண்டு பேரும் இருந்ததால்தான் நான் பிழைத்து எழுந்தேன் என்று நினைக்கிறேன்.

எல்லாம் பயம்தானே?

பயம் ஒரு பகுதி. மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினிக்கு அருகே ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தார். அங்கே உள் கழியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் சொல்லாமல் போனார்கள். அங்கே ஆபத்து இல்லை, மீனும் நிச்சயம். திறந்த கடலுக்குப் போகும்போதுதான் சடங்குகள் நிறைய. தங்கள் திறமையின் எல்லை எதுவரை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த எல்லை முடியும் இடத்தில் சடங்கு தொடங்கியது.

காசிமேட்டில் ஒரு விசைப்படகு கிளம்பும்போது நின்று பாருங்கள். எஞ்சினைச் சோதிப்பார்கள், டீசல் அளப்பார்கள், ஐஸ் ஏற்றுவார்கள், ஜிபிஎஸ் கருவியைப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் கற்பூரம். கற்பூரம் ஏற்றியதால் யாரும் டீசலைக் குறைத்து ஊற்றுவதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்ததைக் கண்ட பட்டினப்பாக்கத்து மக்களிடம் போய், பயத்தால்தான் கும்பிடுகிறீர்கள் என்று குறையாகச் சொல்ல என்னால் முடியாது. பயப்பட அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

மனித மூளையே அப்படித்தான் அமைந்திருக்கிறதா?

ஓரளவு ஆமாம் என்கிறார்கள் அறிதல் துறை ஆய்வாளர்கள். புதர் அசைந்தால் காற்று என்று நினைப்பதைவிட யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள்தான் காட்டில் பிழைத்திருப்பார்கள். அந்தப் பழக்கம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. மலை எதற்கு, மேகம் எதற்கு என்று சின்னப் பிள்ளைகள் கேட்பதும் இதே வகை. ஆனால் இது கண்ணுக்குத் தெரியாத ஒருவரைக் கற்பனை செய்யும் திறமையை மட்டுமே விளக்குகிறது. அந்த ஒருவருக்காக ஒரு தெருவே கூடிப் பந்தல் போடுவதை விளக்கவில்லை. அதனால் இந்தக் கேள்வியில் நான் அதிகம் தங்குவதில்லை.

திருவிழாக் கூட்டத்துக்கும் மத நம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம்? பாதிப் பேர் வேடிக்கை பார்க்கத்தானே வருகிறார்கள்?

வேடிக்கை பார்க்க வருவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். என் கணிப்பில் மதத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

எமில் துர்கைம் என்ற பிரெஞ்சு அறிஞர் 1912-இல் ஒரு கருத்தைச் சொன்னார். மனிதர்கள் ஒன்றாகக் கூடி, ஒரே திசையில் பார்த்து, ஒரே குரலில் பாடும்போது ஒவ்வொருவருக்கும் தன்னைவிடப் பெரிய ஒன்று தன்னைத் தொட்டதுபோல் தோன்றும். அந்த அனுபவம் பொய்யில்லை, அந்தப் பெரிய ஒன்று அவர்களுடைய சமூகமே என்றார் அவர்.

துர்கைமுக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் முன்பே மயிலாப்பூரில் இதைத் தொட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். பூம்பாவை கதை தெரிந்திருக்கும். பாம்பு கடித்து இறந்துபோன பெண். அவளுடைய சாம்பலும் எலும்பும் இருந்த குடத்தின் முன்னால் நின்று ஞானசம்பந்தர் பாடுகிறார். செத்தவளைத் திரும்பக் கூப்பிட அவர் என்ன சொல்லியிருக்கலாம்? தத்துவம் சொல்லியிருக்கலாம், மோட்சத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது திருவிழாக்களின் பட்டியல். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். இதையெல்லாம் காணாதே போதியோ என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். ஊரே கூடும் நாளைப் பார்க்காமல் போகிறாயே அம்மா என்கிறார். பூம்பாவை எழுந்து வந்தாள் என்று புராணம் சொல்கிறது. அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும், வாழ்வதற்கான காரணமாக அவர் எதைக் காட்டினார் என்று பாருங்கள்.

பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர். அன்று மாடவீதியில் நின்றிருக்கிறீர்களா? வெயில் மண்டையைப் பிளக்கும். யாரோ முகம் தெரியாதவர் கையில் நீர்மோர் டம்ளரைத் திணிப்பார். அடுத்த வீட்டு வாசலில் பானகம், அதற்கடுத்து புளியோதரைப் பொட்டலம். எந்த ஊர், என்ன ஜாதி, பணம் இருக்கிறதா என்று கேட்பவர் இல்லை. அறுபத்துமூவரில் வண்ணார் உண்டு, வேடர் உண்டு, குயவர் உண்டு, அரசர் உண்டு. எல்லோரும் பல்லக்கில் வருகிறார்கள். வருஷத்தில் ஒரு நாளாவது இப்படி நடக்கிற இடத்தை மனிதர்கள் விட்டுவிட மாட்டார்கள்.

விரதம், மொட்டை, அலகு, தீமிதி. இவ்வளவு கஷ்டம் கேட்கும் ஒன்று எப்படி நிலைக்கிறது? எளிதான மதம்தானே வளர வேண்டும்?

கேட்பதற்கு அப்படித்தான் தோன்றும். நடைமுறை நேர் எதிர். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் நிறையக் கூட்டு வாழ்க்கைக் குடியிருப்புகள் தோன்றின. சில மதம் சார்ந்தவை, சில பொதுவுடைமை போன்ற கொள்கை சார்ந்தவை. ரிச்சர்ட் சோசிஸ் என்ற ஆய்வாளர் அவற்றில் 200 குடியிருப்புகளின் வரலாற்றைத் தேடிப் பார்த்தார். மதம் சார்ந்தவையே அதிக காலம் நீடித்தன. அவற்றிலும் கடுமையான கட்டுப்பாடு வைத்தவை இன்னும் நீண்ட காலம் நீடித்தன. மதம் சாராத குடியிருப்புகளில் கட்டுப்பாட்டால் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நாற்பத்தெட்டு நாள் மாலை போட்டுக் குடியை விட்டவனைத் தெரு நம்பும். ரமலானில் முப்பது நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடை நடத்துகிறவருக்குக் கடன் கொடுக்கப் பக்கத்துக் கடைக்காரர் யோசிக்க மாட்டார். பட்ட கஷ்டம் எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது. வாய்ப்பேச்சுக்கு அந்த மதிப்பு இல்லை.

பெரியார் இவ்வளவு உழைத்த ஊரில் மதம் ஏன் குறையவில்லை? அவர் தோற்றுவிட்டாரா?

அப்பா இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசியிருப்பார். நான் சுருக்கிச் சொல்கிறேன்.

சுயமரியாதை இயக்கம் 1925-இல் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பில் சென்னையில் இந்துக்கள் 80.73 சதவீதம், முஸ்லிம்கள் 9.45, கிறிஸ்தவர்கள் 7.72. மதம் இல்லாதவர் என்று பதிந்துகொண்டவர்கள் மிகச் சொற்பம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தோல்வி என்று சொல்லத் தோன்றும். ஆனால் பெரியார் எதை அடித்தார் என்று பாருங்கள். பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன் என்பதை அடித்தார். புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செல்லாது என்பதை அடித்தார். 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டம் நிறைவேறியது. எல்லா சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 1970-இல் சட்டம் வந்தது. நீதிமன்றங்களில் நெடுங்காலம் இழுபட்டு, 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதி இளைஞர்கள் கோயில்களில் நியமனம் பெற்றார்கள். கும்பிடுவது நின்றுவிடவில்லை. யார் கும்பிடலாம், எங்கே நின்று கும்பிடலாம், யார் பூசை செய்யலாம் என்பதெல்லாம் மாறிக்கொண்டே வருகிறது. இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. அப்பா இறந்தபோது அவர் எழுதி வைத்திருந்தபடி எந்தச் சடங்கும் செய்யவில்லை. தோழர்கள் வந்தார்கள். கருப்புத் துணி போர்த்தினார்கள். ஒருவர் பேசினார், எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாக நின்றார்கள், வீரவணக்கம் சொன்னார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் வருகிறார்கள். படத்துக்கு மாலை போடுகிறார்கள், பிரியாணி சாப்பிடுகிறார்கள், அவர் சொன்ன பழைய கதைகளை மறுபடியும் சொல்கிறார்கள். அவர்கள் கொள்கையில் உறுதியானவர்கள், அவர்கள்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. செத்தவரை வெறும் கையோடு அனுப்ப மனிதர்களால் முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கடவுள் இல்லாவிட்டாலும் கூடி நிற்க ஒரு வரிசை, போட ஒரு மாலை, சொல்ல ஒரு சொல் வேண்டியிருக்கிறது. அதைத் தரக்கூடிய இயக்கங்கள்தான் மதத்தோடு போட்டி போட முடிகிறது.

அரசாங்கமே தடை செய்தால்?

செய்து பார்த்திருக்கிறார்கள். சோவியத் அரசு 1931-இல் மாஸ்கோவின் கிறிஸ்து இரட்சகர் பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்தது. பிறகு அந்த இடத்தில் பெரிய நீச்சல் குளம் வந்தது. 1937 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மத நம்பிக்கை உண்டா என்று கேட்டபோது, அத்தனை அடக்குமுறைக்கு நடுவிலும் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் உண்டு என்றார்கள். அந்தக் கணக்கெடுப்பையே அரசு மூடி மறைத்தது, நடத்திய அதிகாரிகளைக் கைது செய்தது. இன்றைக்கு அந்த இடத்தில் நீச்சல் குளம் இல்லை. அதே பேராலயத்தைத் திரும்பக் கட்டி 2000-இல் திறந்துவிட்டார்கள். அல்பேனியா 1967-இல் மதத்தை முழுக்கவே தடை செய்தது. 1990-இல் தடை தளர்ந்ததும் ஜனங்கள் பழையபடி கூடினார்கள்.

மதம் மக்களின் அபின் என்று மார்க்ஸ் சொன்னாரே?

சொன்னார். அதே பத்தியில், மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு என்றும், இதயமில்லாத உலகத்தின் இதயம் என்றும் சொல்லியிருக்கிறார். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

சாதிக் கொடுமையும் மதச் சண்டையும் இதே மதத்தால்தானே வருகின்றன?

வருகின்றன. மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஆட்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு, கட்டுக்கு வெளியே இருப்பவரை அந்நியராகவும் ஆக்கும். கோயிலுக்குள் நுழையவே சட்டம் போட வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது.

ஆனால் அந்தக் கொடுமையை அனுபவித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எப்போதும் சொல்வேன். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 முதல் அங்கிருந்தே 'தமிழன்' இதழை நடத்தினார். அம்பேத்கர் 1956-இல் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். சாதி மதத்தை உதறிய இரண்டு மாமனிதர்களும் வெறுமனே விலகிப் போகவில்லை. தங்கள் மக்கள் தலை நிமிர்ந்து நிற்க இன்னொரு அறத்தை, இன்னொரு முன்னோர் வரிசையைத் தேடிக் கொடுத்தார்கள். தான் யார், யாருடைய வழியில் வந்தவன் என்று சொல்லிக்கொள்ள ஒரு கதை வேண்டும் என்பது ஏழைக்குத்தான் அதிகம் தெரியும்.

நல்லதும் நம் ஊரில் நடக்கிறது. ரமலான் மாலைகளில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குப் போனால் தெரியும். நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு உணவு பரிமாறுகிறவர்கள், மயிலாப்பூர் சூஃபிதார் ஆலயத்தைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். பிரிவினையில் ஊரை இழந்து வந்த ஒருவர் தொடங்கிய வழக்கம் அது.

ஐரோப்பாவில் தேவாலயங்கள் காலியாகின்றனவே?

உண்மைதான். சுவீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் வேலை போனால் அரசு பார்த்துக்கொள்ளும், நோய் வந்தால் சொத்தை விற்க வேண்டாம், வயதான காலத்தில் ஓய்வூதியம் உண்டு. நிச்சயமற்ற வாழ்க்கை குறையக் குறைய வழிபாடும் குறைகிறது என்று நாரிஸ், இங்கிள்ஹார்ட் என்ற இருவர் பல நாடுகளின் தரவுகளை வைத்து வாதிட்டார்கள். எனக்கு இது பெரிதும் சரியாகப் படுகிறது. ஆனால் அங்கேயும் பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் இறந்தவரை அடக்கம் செய்யவும் நிறையப் பேர் தேவாலயத்துக்குத்தான் போகிறார்கள்.

பழமையை மாற்றாமல் காப்பதால்தான் மதம் நிலைக்கிறதா?

மாற்றிக்கொள்வதால்தான் நிலைக்கிறது. ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடி ஏறும். காவி உடுத்தி, வெறுங்காலோடு, சென்னையின் மூலை முடுக்கிலிருந்து ஜனங்கள் நடந்தே வருவார்கள். அந்தக் காவி எந்த ஊர் வழக்கம் என்று உங்களுக்கே தெரியும். நம் வீட்டுப் பக்கத்து அம்மன் கோயிலில் அர்ச்சனைக்கு இப்போது க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள்.

என் மகனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. வீட்டுப் பூசையில் உட்காரச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். அம்மா அப்பாவைக் கட்டாயப்படுத்தியதே இல்லை. அவர் பதிலுக்கு அம்மாவின் விளக்கை அணைத்ததும் இல்லை. இருவருக்கும் வாக்குவாதம் வரும், அதுவும் பெரும்பாலும் ஆடியில், மைக் செட் சத்தத்தைப் பற்றி.

ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் கூழ் ஊற்றுவார்கள். ராத்திரியே கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்து, விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் தயாராகும். அண்டாவைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோக நாலு ஆள் வேண்டும். சூடு தாங்காது, சாக்கைச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்துவிடுவார்கள், நாலாவது ஆளைத் தேடுவார்கள். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போவார். கோயில் வாசலில் அண்டாவை இறக்கி வைப்பார், திருநீறு வாங்கிக்கொள்ள மாட்டார். பூசாரியும் நீட்ட மாட்டார். வரும்போது ஒரு சொம்பில் கூழ் வாங்கிக்கொண்டு வருவார்.

உங்கள் மகனிடம் அண்டா தூக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.